சைடு வீல் வண்டிக்கு யார் சர்வீஸ் பண்ணுவாங்க?

(பேச்சின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாக ஆங்காங்கே திருத்தப்பட்டுள்ளது.)

இன்றைக்கு ஒரு வண்டியைப் பற்றிப் பேசப்போகிறேன். நீங்கள் தினமும் பார்க்கிற வண்டிதான், சிக்னலில் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கும். ஆக்டிவாவோ ஜூபிட்டரோ, பின்னால் இரண்டு பக்கமும் குட்டியாக ஒவ்வொரு சக்கரம். ஊன்றுகோல் செருகி வைக்க ஓரமாக ஒரு குழாய். ஊரில் இதை 'மூணு சக்கர வண்டி' என்பார்கள். எண்ணிப் பார்த்தால் நாலு வரும்: முன்னால் ஒன்று, பின்னால் நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. அரசாங்கக் காகிதத்தில் 'இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட பெட்ரோல் ஸ்கூட்டர்'. மெக்கானிக்குகள் 'சைடு வீல் வண்டி' என்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நான் ஓட்டுவது அந்த வண்டிதான். எனக்கு இரண்டு காலிலும் பலம் குறைவு. காலிப்பர் போட்டு, ஊன்றுகோல் வைத்து நடப்பேன். வீடு நங்கநல்லூர், வேலை தரமணி. ஆறு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். இந்த ஆறு வருஷத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி 'எப்படி ஓட்டுறீங்க?' இல்லை. என்னை மாதிரி ஆட்கள் என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "பாஸ், வண்டியை எங்க விடுறீங்க?"

சிக்னல் மாறிவிடும், பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அதனால் அந்தப் பதிலை இதுவரை யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

முதலில் செலவு என்றால் என்ன என்று பேசிவிடலாம். உங்கள் ஸ்கூட்டரை சர்வீஸ் சென்டரில் விட்டால், "நாளைக்கு ஈவ்னிங் வாங்க சார்" என்பார்கள். நீங்கள் பஸ்ஸில் போவீர்கள், நண்பர் வண்டியில் தொற்றிக்கொள்வீர்கள், நடப்பீர்கள். கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. வண்டி மூன்று நாள் உள்ளே நின்றால், மூன்று நாள் ஆட்டோ. போக வர 400 ரூபாய்க்குக் குறையாது. மழை பெய்தால் அதுவும் வராது. ஆட்டோ வராத அன்றைக்கு லீவு. ஆக, சர்வீஸ் பில் 1,200 என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன்கூட ஆட்டோவுக்கு இன்னொரு 1,200. பில்லில் வராத அந்த இரண்டாவது தொகை இருக்கிறதே, அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எனக்கு மலிவான சர்வீஸ் என்றால் காலையில் விட்டு மத்தியானம் எடுக்கிற சர்வீஸ். அதற்கு நூறு இருநூறு கூடக் கேட்டாலும் கொடுத்துவிடுவேன்.

சரி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஏன் நம்ம வண்டியை எடுக்க மாட்டேன் என்கிறார்கள்? எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஈஸியான வேலை. காரணம் வேறு. உள்ளே போய்ப் பார்த்தால் தெரியும். டூவீலரைத் தூக்கி வைத்து வேலை பார்க்கிற அந்த ஹைட்ராலிக் ரேம்ப் ஒரு வண்டி அகலம்தான். நம்ம வண்டி அதில் ஏறாது. கீழே தரையில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். ஒரு பையன் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும் என்று கணக்கு இருக்கும் இடத்தில், தரையில் உட்கார யாருக்கு நேரம்? அடுத்தது டெஸ்ட் ரைடு. இரண்டு சக்கர வண்டி ஓட்டிப் பழகியவருக்கு சைடு வீல் வண்டி ஓட்டுவது ரொம்பச் சிரமம். அவர் வளைவில் உடம்பைச் சாய்ப்பார், வண்டி சாயாது, நேராகப் போய்ச் சுவரில் நிற்கும். பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மூன்றாவது, பின் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் ஆக்டிவாவில் சைலன்சரைக் கழற்ற வேண்டும். நம்ம வண்டியில் அதற்கு முன்னால் சைடு வீல் ராடு குறுக்கே நிற்கும். அரை மணி நேர வேலை இரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

இதெல்லாம் எனக்குப் புரிகிறது. புரியாதது ஒன்று உண்டு. தென்சென்னையில் ஒரு டீலர், பெயர் வேண்டாம். வண்டி விற்கும்போது "எல்லாம் பண்ணிடலாம் சார், அஞ்சு வருஷம் கவலையே இல்ல" என்றார்கள். முதல் ஃப்ரீ சர்வீஸுக்குப் போனபோது "சைடு வீலைக் கழட்டிட்டு எடுத்துட்டு வாங்க" என்றார்கள். கழற்றிவிட்டு எப்படி ஓட்டிக்கொண்டு வருவது? தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டா? அந்தப் பையனிடம் இதைக் கேட்டேன். அவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஆமால்ல" என்றான். நல்ல பையன். ஆனால் வண்டியை எடுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. நம்ம வண்டி ஒரு வண்டி இல்லை, இரண்டு பொருள். ஸ்கூட்டர் ஒரு கம்பெனி செய்தது. சைடு வீல் செட் வேறு ஒரு பட்டறை செய்தது. இரண்டையும் நட்டு போட்டு இணைத்திருக்கிறார்கள். ஸ்கூட்டருக்குப் பொறுப்பான ஆள் உண்டு, செட்டுக்கும் உண்டு. இரண்டும் சேரும் இடத்துக்கு மட்டும் ஆளே கிடையாது. நம்ம வண்டியில் வருகிற தொல்லைகளில் முக்கால்வாசி அந்தச் சேருமிடத்தில்தான் வருகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வண்டியில் 'டக் டக்' என்று ஒரு சத்தம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வரும், வளைவில் திரும்பும்போது வரும். டீலர் சர்வீஸில் "இது சைடு வீல் சத்தம், எங்க கிட்ட இல்ல" என்றார்கள். சைடு வீல் போட்ட பட்டறையில் ஆட்டிப் பார்த்துவிட்டு "நம்ம செட் கின்னுன்னு இருக்கு, இது இன்ஜின் சத்தம்" என்றார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. கடைசியில் எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணன்தான் கண்டுபிடித்தார். இன்ஜினைச் சேசிஸோடு தாங்கிப் பிடிக்கிற இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும், அது தேய்ந்துபோயிருந்தது. புஷ் விலை மல்டிப்ளெக்ஸ் பாப்கார்ன் அளவுக்குக்கூட இல்லை. அதற்குள் நான்கு நாள் ஆட்டோவுக்குக் கொடுத்திருந்தேன்.

ஏன் அந்த புஷ் தேய்ந்தது? கொஞ்சம் டெக்னிக்கலாகப் போகலாம், பயப்படாதீர்கள். சாதாரண ஸ்கூட்டர் வளைவில் சாயும். சாய்வதால், எடை சக்கரத்துக்கு நேராக இறங்கும். சைடு வீல் வண்டி சாயாது. அதனால் ஒவ்வொரு வளைவிலும் பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஒரு விசை தள்ளும். இந்த ஸ்கூட்டர்களில் பின் சக்கரமும் இன்ஜினும் ஒரே துண்டு. இன்ஜினே மேலும் கீழும் ஆடும். ஆகப் பக்கவாட்டுத் தள்ளல் எல்லாம் அந்த ரப்பர் புஷ்ஷில் போய் நிற்கிறது. அதே கதைதான் முன்னால் ஹேண்டில்பார் கோன் செட்டுக்கும். சாய்ந்து திரும்ப முடியாததால் ஹேண்டிலை வலுவாகத் திருப்பித்தான் ஓட்டுகிறோம். சீக்கிரம் தேயும். நம்ம ஊர் ரோடு நடுவில் மேடாக, ஓரத்தில் பள்ளமாக இருக்கும் இல்லையா, அதனால் வண்டி எப்போதும் இடது பக்கம் இழுக்கும், இடது சைடு டயர் முதலில் மொட்டையாகும். கூடுதல் எடையால் டிரைவ் பெல்ட்டும் பிரேக் ஷூவும் கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்னாலேயே போய்விடும். பெரும்பாலான செட்டுகளில் சைடு வீலுக்கு பிரேக்கே கிடையாது. மொத்தச் சுமையையும் பழைய இரண்டு பிரேக்தான் நிறுத்துகிறது. இதில் எதுவும் அந்தப் புத்தகத்தில் இருக்காது. அந்தப் புத்தகம் எழுதியவர்கள் இந்த வண்டியைப் பார்த்ததே இல்லை.

அதனால் புதிதாக வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். முதலில் ஸ்கூட்டரைத் தேர்ந்தெடுக்காதீர்கள், பட்டறையைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கூட்டர் எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஊரில் அதிகம் ஓடுகிற மாடலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான், ஸ்பேர் எங்கும் கிடைக்கும். கலர் பிடித்திருந்தால் போதும். (எனக்கு நீலம்.) பட்டறையில்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

என்ன பேசுவது? முதல் கேள்வி, சேசிஸில் வெல்டிங் வைப்பீர்களா, போல்ட்டா? கிளாம்ப் போட்டு போல்ட்டில் மாட்டுகிற செட்டைக் கழற்றலாம், சரி பண்ணலாம், அடுத்த வண்டிக்குக்கூட எடுத்துப் போகலாம். சேசிஸ் மேலேயே வெல்டிங் வைத்தால் அந்த இடம் பலவீனமாகும், நாளைக்கு டீலர் வாரண்டி பேச மாட்டேன் என்பதற்கும் அதுவே காரணமாகிவிடும். அடுத்தது, பக்கத்துச் சக்கரங்கள் நடுச் சக்கரத்தின் அச்சுக்கு நேர் கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்னே பின்னே இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் ரோட்டைத் தேய்க்கும்.

அதைவிட முக்கியம் ஸ்பிரிங். நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது. சைடு வீல்கள் எடையை அதிகம் தாங்கினால், நடுச் சக்கரம் லேசாகத் தூக்கிக்கொள்ளும். ஆனால் வண்டியை ஓட்டுவது நடுச் சக்கரம் மட்டும்தான். பள்ளத்தில், மழை நாளில், பார்க்கிங் ராம்ப்பில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை முறுக்குவீர்கள், இன்ஜின் கத்தும், சக்கரம் காற்றில் சுற்றும், வண்டி நகராது. இறங்கித் தள்ளவும் முடியாது. எனக்குத் தெரிந்து நிறைய பேர் இதற்கு இன்ஜினில் பிக்கப் இல்லை என்று நினைத்து கார்புரேட்டரைக் கழற்றி, கிளட்ச் மாற்றி, காசைக் கொட்டுகிறார்கள். ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் போதும். வண்டியில் நீங்கள் உட்கார்ந்த பிறகு ஸ்பிரிங் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். காலி வண்டியில் பண்ணுவது வீண் வேலை.

அடுத்து சக்கரம். பக்கத்துச் சக்கரத்துக்கும் வண்டியின் பின் சக்கர அளவிலேயே, டியூப்லெஸ் டயராகப் போடச் சொல்லுங்கள். ஆக்டிவாவின் பின் டயர் 90/100-10. அந்த அளவு எந்தப் பஞ்சர் கடையிலும் கிடைக்கும். விலை குறைகிறதே என்று வேறு ஏதோ தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரிப் போட்டால், இரண்டு வருஷம் கழித்து அந்த டயரைத் தேடி ஊரெல்லாம் அலைய வேண்டும். டியூப்லெஸ் என்றால் சக்கரத்தைக் கழற்றாமலே பஞ்சர் ஒட்டலாம். நமக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

பேரிங் பற்றி ஒரு சின்ன ரகசியம். சைடு வீல் பேரிங் போனால் பட்டறைக்காரரிடம்தான் போக வேண்டும் என்று இல்லை. பேரிங்கின் விளிம்பில் ஒரு நம்பர் அடித்திருக்கும். 6202 என்று இருந்தால், உள் விட்டம் 15, வெளி விட்டம் 35, தடிமன் 11 மில்லிமீட்டர். உலகம் முழுக்க அந்த நம்பருக்கு அதே அளவுதான். உங்கள் வீட்டு சீலிங் ஃபேனுக்குள்ளும் அதே 6202 இருக்கலாம். செட் மாட்டும் அன்றே அந்த நம்பரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் நின்றாலும் பேரிங் கடையில் நம்பரைச் சொன்னால் கையில் கொடுத்துவிடுவார்கள். அதே மாதிரி புஷ் அளவு, போல்ட் அளவு எல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறை நாளைக்கு மூடிவிட்டால்கூட, கிண்டியிலோ அம்பத்தூரிலோ ஒரு லேத்துப் பட்டறையில் அந்தத் தாளைக் காட்டி புஷ் கடைந்து வாங்கிவிடலாம்.

அப்படிப்பட்ட பட்டறையை எங்கே தேடுவது? கூகுளில் தேடினால் வரும், விளம்பரம் கொடுத்தவர்கள் வருவார்கள். அதைவிட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீஸ் போங்கள். எல்லா மாவட்டத்திலும் அன்றைக்கு மக்கள் குறைதீர்க்கும் நாள். சென்னையில் என்றால் ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகை. மனு கொடுக்க வருகிற மாற்றுத்திறனாளிகளின் வண்டிகள் வரிசையாக நிற்கும். ஷோரூமில் புது வண்டியைப் பார்க்கலாம். இங்கே மூன்று வருஷம், ஐந்து வருஷம் ஓடித் தேய்ந்த வண்டிகளைப் பார்க்கலாம். எந்தச் செட் துருப்பிடித்திருக்கிறது, எது கோணியிருக்கிறது, எது இன்னும் நேராக நிற்கிறது என்று கண்ணாலேயே தெரியும். நேராக நிற்கிற வண்டியில் பட்டறையின் ஸ்டிக்கரைத் தேடுங்கள். ஸ்டிக்கர் போயிருந்தால் ஓனர் வருகிற வரை நில்லுங்கள். "அண்ணே, செட் எங்க போட்டீங்க? ரிப்பேர்னா வர்றாங்களா?" என்று கேட்டால் போதும், அரை மணி நேரம் பேசுவார்கள். டீ வாங்கிக் கொடுத்தால் ஒரு மணி நேரம். கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை வாசலும் அப்படித்தான். காலிப்பர் அளவு கொடுக்க வந்தவர்கள், செயற்கைக் கால் வாங்க வந்தவர்கள் என்று வெவ்வேறு ஊர் வண்டிகள் அங்கே நிற்கும்.

அங்கே பேசும்போது பழைய ஆட்களிடம் கொஞ்சம் காது கொடுங்கள். எனக்கு அப்படிக் கிடைத்த ஒரு பெரியவர் 1980-களில் வந்த கைனடிக் ஹோண்டாவில் தொடங்கியவர். அதற்கு முன்னால் இருந்த ஸ்கூட்டர்களுக்கு கையில் கியர், காலில் பிரேக், காலால் கிக்கர் உதைக்க வேண்டும். கைனடிக் ஹோண்டா பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட் ஆகும், கியர் கிடையாது, இரண்டு பிரேக்கும் கையில். "அந்த வண்டி நமக்காகச் செஞ்சதில்ல தம்பி, ஆனா வந்த பிறகுதான் நாம வெளியவே வந்தோம்" என்றார். செட் தேய்ந்தால் எப்படித் தெரியும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். காலி மைதானத்தில் மெதுவாகப் போய், இரண்டு கையையும் ஹேண்டிலில் லேசாக வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கச் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்க்க வேண்டும்.

இப்போது டீலரிடம் திரும்ப வருவோம். டீலரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரண்டி இருக்கும் வரை இன்ஜின் வேலையை அங்கேதான் செய்ய வேண்டும். ஆனால் வாங்கும் முன்னால் சேல்ஸ் ஆளிடம் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். பின்பக்கம் போய் சர்வீஸ் அட்வைசரைப் பாருங்கள். "சைடு வீல் போடப் போறேன். தரையில வச்சு ஆயில், ஃபில்டர், பெல்ட் மட்டும் பார்ப்பீங்களா? நான் வெயிட் பண்றேன்" என்று கேளுங்கள். அவர் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும். சரி என்று சொன்னால், அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு மூன்று டீலர் பார்த்தால் ஒருவர் சரி என்பார். பெரிய ஷோரூமைவிட, நாலு மெக்கானிக் இருக்கிற சின்ன கிளையில் வாய்ப்பு அதிகம். கூட்டம் இல்லாத வார நாள் காலையில் போங்கள். டெஸ்ட் ரைடு நானே ஓட்டுகிறேன், நீங்கள் பின்னால் உட்காருங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

"மாடிஃபை பண்ணிட்டீங்க, வாரண்டி போச்சு" என்று யாராவது சொன்னால், சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தினார்கள். அதுவரை நம்ம வண்டிக்குச் சட்டத்தில் 'இன்வேலிட் கேரியேஜ்' என்று பெயர். லைசென்ஸில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரியும், செல்லாத காசு மாதிரி. 2019-ல் அதை எடுத்துவிட்டு 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று வைத்தார்கள். 52-ஆம் பிரிவில், நம்ம வண்டியை நாமே மாற்றியமைத்து, அதன் பிறகு ஆர்டிஓ ஒப்புதல் வாங்கலாம் என்று வழி கொடுத்தார்கள். மத்திய அரசு வகுத்த விதிகளின்படி மாற்றம் செய்தால், அதைக் காரணம் காட்டி வாரண்டி செல்லாது என்று கருதக் கூடாது என்றும் அதே பிரிவில் சேர்த்தார்கள். விதிகளின்படி என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இதைச் சத்தமாகச் சொல்லிச் சண்டை போட வேண்டியதில்லை. அமைதியாகச் சொன்னாலே மேனேஜரைக் கூப்பிடுவார்கள்.

அந்த ஒப்புதல் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். சோம்பல்பட்டு விட்டுவிடுகிறார்கள் நிறைய பேர். அது ஏறியிருந்தால் இன்சூரன்ஸில் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி உண்டு. இந்திய மோட்டார் டாரிஃபில் இருக்கிற விஷயம், ஏஜெண்ட் தானாகச் சொல்ல மாட்டார். நீங்கள் கேட்க வேண்டும். மூன்றாம் நபர் பிரீமியத்தில் குறையாது. தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கும் இருக்கிறது, ஆர்டிஓவில் கேட்டு வாங்குங்கள். இந்த இரண்டையும் வாங்கினால் மிச்சமாகிற காசில் வருஷத்துக்கு ஒரு முறை சைடு வீல் பேரிங், பிரேக் ஷூ எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

இனிச் சொல்லப்போவது என் புலம்பல். பிடிக்காதவர்கள் ஒரு நிமிஷம் தள்ளி ஓட்டிக்கொள்ளலாம்.

நம்ம அரசு இந்த வண்டிகளை இலவசமாகக் கொடுக்கிறது. நல்ல திட்டம். எத்தனையோ பேர் முதன்முதலாக வீட்டை விட்டுத் தனியாகப் போனது அந்த வண்டியில்தான். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே, வண்டிகளை நமக்கேற்ப மாற்றியமைத்துத் தர அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்று 41-ஆம் பிரிவில் இருக்கிறது. வண்டி கொடுக்கிற அன்றைக்குப் பந்தல் போடுகிறார்கள், வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுக்கிறார்கள். மூன்று வருஷம் கழித்து அதே வண்டிகள் எங்கே என்று யார் கேட்கிறார்கள்? கிராமத்தில் இருக்கிறவருக்குப் பக்கத்து டவுனில் ஸ்கூட்டர் மெக்கானிக் கிடைப்பார். சைடு வீல் கோணினால், செட் செய்த பட்டறை எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாது. வண்டி வீட்டுத் திண்ணையோரம் கோழி அடைய நிற்கும். அவர் மறுபடி வீட்டுக்குள். டெண்டர் போடும்போதே, ஐந்து வருஷத்துக்கு மாவட்டத்துக்கு ஒரு சர்வீஸ் ஆள், ஆறு மாதத்துக்கு ஒரு முகாம் என்று சேர்த்துவிட்டால் என்ன? வண்டி விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய காசே இல்லை. குறைதீர்க்கும் நாளில் வண்டி கேட்டு மனு கொடுக்கிறோம். இனிமேல் சர்வீஸ் கேட்டும் மனு கொடுப்போம். நான் கொடுத்திருக்கிறேன், ரசீது இருக்கிறது, பதில் வந்தால் சொல்கிறேன்.

புலம்பல் முடிந்தது. ஸ்கூட்டரே வேண்டாம் என்கிறவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. சென்னை ஐஐடியில் பிறந்த நியோபோல்ட் பார்த்திருப்பீர்கள். சக்கர நாற்காலியின் முன்னால் மோட்டார் வைத்த ஒரு சக்கரத்தை மாட்டினால் மூன்று சக்கர மின் வண்டி ஆகிவிடும். கழற்றினால் மறுபடி நாற்காலி. வேகம் அதிகபட்சம் மணிக்கு 25 கிலோமீட்டர். நாற்காலியும் மோட்டாரும் ஒரே இடத்தில் செய்தது என்பதால், நான் சொன்ன அந்தச் 'சேருமிடம் யாருடையது' சண்டை அதில் கிடையாது. ஏரியாவுக்குள் போய் வர நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. எனக்கு நங்கநல்லூரிலிருந்து தரமணி, நடுவில் வேளச்சேரி டிராஃபிக். அந்த வேகத்தில் போனால் பின்னால் வருகிற தண்ணி லாரிக்காரர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

ஆக, என் போனில் மூன்று நம்பர் இருக்கிறது. இன்ஜினுக்கு ஒரு சின்ன டீலர் கிளையின் சர்வீஸ் அட்வைசர், செட்டுக்குப் பட்டறைக்காரர், இரண்டுக்கும் நடுவில் வருகிற சத்தத்துக்குத் தெருமுனை அண்ணன். மூன்று பேரையும் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறேன். சத்தம் வந்தால் ரெக்கார்டு பண்ணி அதில் போட்டுவிடுவேன். மூன்று பேரும் அங்கேயே அடித்துக்கொள்ளட்டும், நான் ஆபீஸ் போகலாம்.

அடுத்த எபிசோடில் லைசென்ஸ். இந்த வண்டிக்கு டிரைவிங் ஸ்கூலில் சொல்லித்தர வண்டியே கிடையாது, ஆனால் டெஸ்டுக்கு வண்டியோடு வரச் சொல்வார்கள். அதை எப்படிச் சமாளித்தோம் என்று இரண்டு பேர் வந்து பேசுகிறார்கள். உங்கள் ஊரில் நல்ல சைடு வீல் பட்டறை தெரிந்தால் வாய்ஸ் நோட் அனுப்புங்கள். ஊர் பெயரையும், வண்டி எத்தனை வருஷம் ஓடியது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.